வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கொதித்த வீடு

எனக்குச் சந்தோஷம் வந்தால் மூளை லீவு எடுத்துக்கொண்டு போய்விடும். இதை ஒப்புக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. பள்ளிக்கூடத்தில் "உற்சாகமான பிள்ளை" என்று ஆசிரியர்கள் எழுதி அனுப்பியதை அப்பா பாராட்டு என்று நினைத்துக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். அது எச்சரிக்கை என்பது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

பேரிடர்களையும் பருவநிலை மாற்றத்தையும் சாதாரண சனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்வதுதான் என் தொழில். வெள்ளம் வந்தால் ஒரு தெரு என்ன செய்யும், வெயில் கொளுத்தினால் தனியாக இருக்கும் ஒரு வயதானவர் எங்கே போவார், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரா என்பவை என் கேள்விகள். இப்போது இதைச் சொன்னால் ஆட்கள் தலையாட்டுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன், கல்யாண வீடுகளில், "மகள் என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால் அப்பாவின் முகம் ஒரு கணம் வாடிவிடும். "டொக்டரோ?" என்று அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். "இல்லை, வெள்ளம் வெயில் வந்தால் சனத்தைக் காப்பாத்துறவ" என்பார் அப்பா. கேட்டவர் என்னைத் தீயணைப்புப் படை என்று முடிவு கட்டிக்கொண்டு வடையை எடுக்கப் போய்விடுவார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை, ஆறே மாத ஒப்பந்தம். செப்டம்பர் கடைசியோடு முடிந்துவிடும். அதற்குள் எங்கள் சின்ன ஆய்வில் உருப்படியாக ஏதாவது கிடைத்து, உள்ளூராட்சிக் கவுன்சிலும் எங்களோடு சேர்ந்தால், மூன்று வருடத் திட்டம் வரும், எனக்கு வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் தெற்கு லண்டன் சட்டனில் அப்பா அம்மா வீட்டின் சோபாவில் உட்கார்ந்து மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டும். அந்தச் சோபாவை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும்.

ஆய்வுக் குழு என்றால் இரண்டு பேர்தான். ஒருவர் பேராசிரியர் கிரேம். நெட்டையான, நிதானமான ஸ்கொட்லாந்துக்காரர். அவர் ஒரு வசனம் பேசுவதற்குள் நான் ஏழு வசனம் பேசி முடித்திருப்பேன். மற்றவள் நான். என்னை அவர் வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், தெற்கு லண்டன் தமிழர்களை எனக்குத் தெரியும் என்பது. (நேர்முகத் தேர்வில் அப்படித்தான் அடித்துவிட்டிருந்தேன். "என் சமூகத்தை என் உள்ளங்கை போலத் தெரியும்." அந்தக் கையைப் பிறகு பல தடவை முகத்தில் வைத்து மூடிக்கொண்டேன்.)

கோடைக் காலத்தில் வீடுகளுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளப்பதுதான் ஆய்வு. சவர்க்காரக் கட்டி அளவில் வெள்ளைப் பெட்டி ஒன்று. வீட்டில் வைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து, வீட்டு இணையத்தின் வழியாக என் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டூட்டிங், மோர்டன், சட்டன் பக்கங்களில் பன்னிரண்டு தமிழ் வீடுகள், பன்னிரண்டு பெட்டிகள். "ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போய், நீயே வைக்க வேண்டும்" என்று கிரேம் மூன்று தடவை சொன்னார்.

நான் போகவில்லை. மோர்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்து, தேநீர் கொடுத்து, பன்னிரண்டு பெட்டிகளையும் ஒரே நாளில் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வார வேலையை இரண்டு மணித்தியாலத்தில் முடித்த பெருமை எனக்கு. ஆனால் விதிகளைத் தெளிவாகச் சொன்னேன். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னேன். ஒன்று, வெயில் நேரே படக்கூடாது. இரண்டு, அடுப்படியில் வைக்கக்கூடாது. மூன்று, பேரப்பிள்ளைகளின் கை எட்டக்கூடாது. நான்கு, ஒருமுறை வைத்தால் யாரும் இடம் மாற்றக்கூடாது. ஐந்து, சுத்தமான இடமாக இருக்க வேண்டும்.

"விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், வடிவா விளங்கிச்சுது" என்று முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தவர் பவளம் அன்ரி. அம்மாவின் சிநேகிதி, எழுபது தாண்டியவர், மோர்டனில் தனியாக இருப்பவர். அவர் குரலுக்கு மண்டபத்தில் ஒலிவாங்கி தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. ஏழாம் நம்பர் பெட்டி அவருக்குப் போனது.

ஜூலை பாதியில் வெயில் பிடித்தது. பதினொரு பெட்டிகள் ஏதோ கொஞ்சம் ஏறி இறங்கின. ஏழாம் நம்பர் மட்டும் இரவு பகலாக முப்பத்துமூன்று பாகையில் நின்றது. அதுவே பயங்கரம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அது கிடுகிடுவென்று ஏறி நாற்பத்துநான்கைத் தொட்டது. ஏழேகாலுக்குத் திரும்ப இறங்கிவிட்டது. அடுத்த வெள்ளியும் அதே ஆறரை. இந்தத் தடவை நாற்பத்தேழு!

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? உடம்பெல்லாம் புல்லரித்தது. லண்டனிலேயே மிகச் சூடான வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், அதுவும் யாரும் இதுவரை பார்க்காத ஒரு விசித்திரத்தோடு. "வெள்ளிக்கிழமை விளைவு" என்று உடனே பெயர் வைத்தேன். காரணம் தேட மோர்டன் வரைபடத்தை விரித்தேன். வார இறுதிக்கு முதல் நாள் சாலை நெரிசலா? பக்கத்துக் கடைகளின் அடுப்புப் புகையா? நிலையத்தில் வந்து நிற்கும் ரயில்களின் சூடா? அன்ரியின் வீட்டிலிருந்து நிலையம் இருபது நிமிட நடை. அது எனக்கு ஒரு தடையாகவே படவில்லை.

அதற்கடுத்த வெள்ளி வீட்டிலிருந்தே வேலை செய்தேன், அந்த ஏற்றத்தை நேரடியாகக் கண்ணால் பார்க்க. ஆறு இருபத்தைந்துக்குக் கணினியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கோடு மெல்ல நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே மணிச் சத்தம்.

"பிள்ளை, விளக்குக் கொளுத்திப் போட்டன். வந்து கும்பிடு!" என்று அம்மா கூப்பிட்டார்.

"இருங்கோ அம்மா, இஞ்சை ஏதோ பெரிசா நடக்குது!" என்று கத்தினேன்.

"ஆடி வெள்ளியடி. ஒரு நிமிசம் வந்திட்டுப் போ."

"ஏலாது அம்மா! இது விஞ்ஞானம்!"

சாம்பிராணி வாசம் படியேறி என் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. யன்னலைத் திறந்து அதை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். திரையில் நாற்பத்தொன்பது. நான் கதிரையிலிருந்து எழும்பித் துள்ளினேன். (வாசகர்களில் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அடியுங்கள். நானும் அடித்திருக்கிறேன்.)

கிரேமுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஆச்சரியக்குறிகள் மட்டும் பதினாறு. அவர் நிதானமாக வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏன் வெள்ளிக்கிழமை? உங்கள் சமூகத்தில் வெள்ளிக்கிழமை மாலைக்கு ஏதாவது விசேஷம் உண்டா?"

"இல்லவே இல்லை" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. அதை அளந்தால் ஐம்பது காட்டும்.

அடுத்த புதன்கிழமை கவுன்சிலில் கூட்டம். எங்கள் மூன்று வருடத் திட்டத்தில் சேர்வதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரி லிண்டா. பொறுமையும் கூர்மையும் உள்ள பெண். அவர் முன்னால் என் கோட்டுப் படத்தைச் சுவர் அளவுக்குப் போட்டேன். மூன்று வெள்ளிக்கிழமைகள், மூன்று கோபுரங்கள். ஒரு வயோதிபப் பெண் வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அவரை அந்த வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டுமா?" என்று கேட்டார் லிண்டா.

"உடனடியாக!" என்றேன்.

கிரேம் மட்டும் கன்னத்தைச் சொறிந்தபடி, "முதலில் போய்ப் பார்ப்போமே" என்றார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மூவரும் போவதென்று முடிவாயிற்று. லிண்டா சொன்ன கடைசி வசனம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "இது உண்மையானால் திட்டத்தில் நாங்கள் நிச்சயம் சேர்கிறோம்." நான் கழிவறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஆடிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெளியே நல்ல வெயில். லிண்டா ஒரு மின்விசிறியும் தண்ணீர்ப் போத்தல்களும் தற்காலிக வீட்டுக்கான படிவமும் கொண்டு வந்திருந்தார். பவளம் அன்ரி தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை உடுத்திக் கதவைத் திறந்தார். முன் அறைக்குள் போய் உட்கார்ந்தோம்.

அறை குளுகுளுவென்று இருந்தது.

"என்ன இதமான அறை!" என்றார் லிண்டா. கிரேம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். இருபத்துநான்கு. "இன்னும் ஆறரை ஆகவில்லை" என்று நான் மர்மமாகச் சொன்னேன்.

அன்ரி பெரிய தட்டு ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். ரோல்ஸ், உளுந்து வடை, பருப்பு வடை, கேசரி. "அவையைச் சாப்பிடச் சொல்லு பிள்ளை. எல்லாம் மரக்கறி, பயப்பிடத் தேவையில்லை" என்றார். லிண்டா மச்சம் மாமிசம் சாப்பிடாதவர் என்பது அன்ரிக்கு எப்படித் தெரிந்தது, என்ன அருமையான விருந்தோம்பல் என்று நான் நெகிழ்ந்தேன். பட்டுச் சேலை, தலைக்குளிப்பு, மரக்கறி ரோல்ஸ். இவ்வளவு தடயம் இருந்தால் ஸ்கொட்லாந்துக்காரருக்கே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

"பெட்டி எங்கே இருக்கிறது என்று கேள்" என்றார் கிரேம்.

கேட்டேன்.

"மேலை. சாமியோடை" என்றார் அன்ரி.

அந்த இரண்டு சொல்லும் காதில் விழுந்து மூளைக்குப் போய்ச் சேர எடுத்த நேரத்தில் என் வாயில் ஒரு வடை இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மேலே போனோம். படி முடியும் இடத்தில், சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி. அன்ரி கதவைத் திறந்தார். கீழ்த்தட்டில் இரவு பகலாகச் சுடும் தாங்கி. மேல்தட்டில் பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள். நடுவில் எங்கள் ஏழாம் நம்பர் பெட்டி. நெற்றி என்று அன்ரி கருதிய இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். தலையில் ஒரு ரோஜாப் பூ. பெட்டிக்கு நேர் முன்னால், ஒரு சாண் தூரத்தில், குத்துவிளக்கு.

"நீ சொன்ன அஞ்சும் சரியா வாற இடம் இந்த வீட்டிலை இது ஒண்டுதான்" என்று அன்ரி பெருமையோடு விரலை மடக்கினார். "வெயில் படாது. அடுப்படி இல்லை. பேரப்பிள்ளையள் தொடமாட்டினம். இதிலை வைச்சதை நானே அசைக்கமாட்டன். இதைவிடச் சுத்தமான இடம் எங்கை இருக்கு?"

என் விதிகளை இந்த உலகத்தில் முழுமையாகப் பின்பற்றிய ஒரே ஆள் அவர்தான்.

"நேரமாச்சு, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு அன்ரி விளக்கை ஏற்றினார். ஆடியின் கடைசி வெள்ளி என்பதால் திரிகள் அதிகம். மணி கிலுக்கிக் கற்பூரம் காட்டினார். கிரேம் தன் கைபேசியில் ஏழாம் நம்பரின் கோட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் நால்வரும் பக்தியோடு நின்றோம். முப்பத்துமூன்று, நாற்பத்தொன்று, பிறகு நாற்பத்தெட்டு. என் வெள்ளிக்கிழமை விளைவு என் கண்ணெதிரே எண்ணெய் விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அன்ரி எல்லோருக்கும் திருநீறு பூசினார். லிண்டா நெற்றியை நீட்டினார், கிரேம் குனிந்து கொடுத்தார். கடைசியாகப் பெட்டிக்கும் கொஞ்சம் பூசிவிட்டார்.

"மாலி," என்றார் கிரேம் மிக மெதுவாக, "வெள்ளிக்கிழமை விசேஷம் எதுவும் இல்லை என்றாய்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். லிண்டா அந்தப் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். வேலை போயிற்று. சட்டன் சோபா என்னை வா வா என்று கூப்பிட்டது. வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. திருநீறு கண்ணுக்குள் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அன்ரிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் பிள்ளை அழுறாய்? என்ன நடந்தது இப்ப?"

"வீடு சூடு எண்டு எல்லாருக்கும் சொல்லிப் போட்டன் அன்ரி. உங்கடை வீடு சூடே இல்லை."

"ஆர் சொன்னது சூடில்லை எண்டு? என்ரை அறைக்குள்ளை வந்து பார்."

பின்பக்கம், மகன் முன்பு கூட்டிக் கட்டிய அறை. தட்டையான கூரை, மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி, திறக்க வராத யன்னல். கதவைத் திறந்ததும் ரொட்டி சுடும் போறணையைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. கிரேமின் வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. அங்கே விளக்கும் இல்லை, தாங்கியும் இல்லை. ஒரு கட்டில் மட்டும் இருந்தது, விரிப்புக் கலையாமல்.

"இதுக்குள்ளையோ படுக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளை ஆர் படுப்பினம்? வெயில் துவங்கின நாள் துவங்கி நான் குளியலறைத் தரையிலைதான். பாயைப் போட்டால் சில்லெண்டு இருக்கும். எழும்பேக்கைதான் முழங்கால் விடாது. போன கிழமை ஒருக்கால் விழுந்தும் போனன்."

"ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பெட்டியைப் பற்றித்தானே கேட்டனீ. பெட்டி சுகமா இருக்கு" என்றார் அன்ரி.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வாரமாக இந்த மனுஷிக்காகக் கண் கலங்கிக் கதை சொன்னவள், ஒருமுறையாவது தொலைபேசி எடுத்து "எப்படி நித்திரை கொள்ளுறீங்கள்?" என்று கேட்கவில்லை. அன்ரி சொன்னதை அப்படியே கிரேமுக்கும் லிண்டாவுக்கும் மொழிபெயர்த்தேன், என் பங்கை மறைக்காமல். லிண்டா கைப்பையைத் திறந்து படிவத்தைத் திரும்ப எடுத்தார். ஆனால் அதில் எழுதவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி, "வெயில் நாளில் எங்கே படுக்கிறீர்கள்?" என்ற கேள்வியை எழுதி என்னிடம் நீட்டினார்.

"மற்றப் பதினொரு வீட்டிலும் இதைக் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு திட்டத்தைப் பற்றிப் பேசுவோம்."

திங்கட்கிழமை முதல் வீடு வீடாக, நானே, காலால் நடந்து போனேன். ஆறு வீட்டில் பெட்டி சாமித் தட்டில், ஆனால் விளக்கிலிருந்து தள்ளி. டூட்டிங்கில் ஒரு கத்தோலிக்க வீட்டில் மாதாவின் காலடியில், மின்சார மெழுகுதிரிகளுக்கு நடுவே. சட்டனில் ஒருவர் களவு போய்விடும் என்று பயந்து சூட்கேசுக்குள் பூட்டி வைத்திருந்தார். ஆனால் புதுக் கேள்விக்குக் கிடைத்த பதில்களோ! காருக்குள் படுப்பவர், முன்வாசல் கதவைத் திறந்து வைத்து அதன் குறுக்கே கதிரை போட்டிருப்பவர், இரவு முழுக்க இரண்டு பஸ் மாறி மாறி ஏறி இருந்துவிட்டு வருபவர். எந்தப் பெட்டியும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வரும்போதும் தெருவில் ஓட வேண்டும் போல இருந்தது. சில தெருக்களில் ஓடினேன்.

அன்ரியின் யன்னலைக் கவுன்சில் திறக்க வைத்தது, கண்ணாடிக்கு வெளியே மறைப்பும் போட்டது. மூன்று வருடத் திட்டம் வந்தது. எனக்கு வேலையும் வந்தது. அன்ரி இதை இன்றுவரை தன் பெட்டிக்குப் போட்ட பொட்டின் கணக்கில்தான் வைத்திருக்கிறார். ஏழாம் நம்பர் பெட்டியைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார். "சாமித் தட்டிலை வைச்சதைத் திருப்பிக் குடுக்கிறேல்லை" என்றார். பல்கலைக்கழகப் பட்டியலில் அது "காணாமல் போனது" என்று இருக்கிறது.

வீட்டில் நடந்ததுதான் மோசம். அன்றைய கதையை அப்பாவிடம் சொன்னது என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய பிழை. அன்றிலிருந்து நான் எந்தச் சந்தோஷச் செய்தியோடு ஓடி வந்தாலும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அருமையான வீடு ஒன்று பார்த்தேன் என்று சொன்னபோதும் கேட்டார். சில வருடம் கழித்து, "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, தங்கமான ஆள்" என்று சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். அப்பா பேப்பரை இறக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எந்த அறையிலை வைச்சு அளந்தனீ?"

அந்தத் தங்கமான ஆள்தான் இப்போது என் கணவர். அவருக்கும் இந்தக் கதை முழுதாகத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை ஆறரைக்கு என் கைபேசி அடித்தால் அவர் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சிரிக்கத் தயாராக நிற்பார். மறுமுனையில், பத்து வருடமாக ஒரு வெள்ளியும் தவறாமல், அம்மா.

"பிள்ளை, விளக்குக் கொளுத்திப் போட்டன். அங்கை ஏதும் பெரிசா நடக்குதோ?"